காட்டு வான்கோழி வேட்டை: முதல் வசந்தத்துக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமெரிக்காவில் குடியேறி, வேட்டையில் ஆசை வைக்கும் நம்மவர்கள் பெரும்பாலும் மானில்தான் தொடங்க நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் காட்டு வான்கோழியில் தொடங்குங்கள் என்பேன். மான் வேட்டை என்றால் குளிரில் மரத்தில் ஏறி மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விழுந்த மானைக் காட்டுக்குள்ளிருந்து இழுத்து வர இரண்டு ஆள் வேண்டும். வான்கோழிக்கோ வசந்த காலம். சாமான் குறைவு. கிடைத்தால் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் ஒரு குரல் கொடுத்தால் காட்டுக்குள்ளிருந்து அது பதில் குரல் கொடுக்கும். அதை ஒரு தடவை கேட்டவர்கள் அடுத்த வருடமும் விடிகாலையில் எழுந்துவிடுகிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அமெரிக்காவுக்கு மட்டுமான கட்டுரை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. ஊருக்குப் போகும்போது இந்த ஆசையை விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும்.

முதலில் காகிதங்கள்

விசாவில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். ஹெச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டத்தின் பொது விதி. சொந்தமாக வாங்குவது மட்டுமில்லை, நண்பருடையதைக் கையில் வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் இதில் அடங்கும். ஆனால் இந்த விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது: ஏதாவது ஒரு மாநிலம் சட்டப்படி வழங்கிய, காலாவதி ஆகாத வேட்டை உரிமம் உங்களிடம் இருந்தால் தடை இல்லை. எனவே வரிசை முக்கியம். முதலில் உரிமம், அப்புறம்தான் துப்பாக்கி. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும், துப்பாக்கி அலமாரியில் இருந்தாலும் சிக்கல்தான். சில மாநிலங்களின் சட்டம் இதைவிடக் கடுமையானது. உங்கள் விசா நிலை பற்றி ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கூட்டாட்சித் தடை கிடையாது.

உரிமத்துக்கு முன் பெரும்பாலான மாநிலங்களில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். டெக்ஸாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லோருக்கும் இது கட்டாயம். மற்ற மாநிலங்களுக்கும் இதுபோல ஒரு பிறந்த தேதிக் கணக்கு உண்டு. பல இடங்களில் வகுப்பை ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். ஒரு மாநிலத்தில் வாங்கிய சான்றிதழ் மற்ற மாநிலங்களிலும் செல்லும். வகுப்பு முடிக்காதவர்களுக்குப் பல மாநிலங்கள் 'அப்ரென்டிஸ்' உரிமம் தருகின்றன. உரிமம் உள்ள பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. வான்கோழிக்கென்று தனி அனுமதியோ டேக்கோ (சுட்ட பறவையில் கட்டும் அடையாளச் சீட்டு) வாங்க வேண்டி வரலாம். அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

விதிமுறைக் கையேட்டை மாநில வனவிலங்குத் துறை ஒவ்வொரு வருடமும் வெளியிடும். சீசன் தேதி, எத்தனை பறவை, எந்த நேரம், எந்த ஆயுதம் எல்லாம் அதில்தான் இருக்கும். நியூயார்க்கில் வசந்த சீசன் மே 1 முதல் 31 வரை, அதுவும் நண்பகலோடு அன்றைய வேட்டை முடிந்துவிடும். ஃப்ளோரிடாவில் மார்ச்சிலேயே தொடங்கிவிடும். போன வருடக் கையேட்டை நம்பாதீர்கள். தானியம் தூவி இழுப்பது பெரும்பாலான மாநிலங்களில் குற்றம்.

எந்தப் பறவையைத் தேடிப் போகிறீர்கள்

கடையில் உறைய வைத்து விற்கும் வெள்ளை வான்கோழியை மறந்துவிடுங்கள். காட்டுச் சேவல் 16 முதல் 24 பவுண்டு வரை இருக்கும். உடம்பு கறுப்பாகத் தெரிந்தாலும் வெயில் பட்டால் செம்பும் பச்சையுமாக மின்னும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், நன்றாகவே பறக்கும், இரவில் உயரமான மரத்தில் அடையும். பெட்டை அதில் பாதி எடைதான், நிறமும் மங்கலான பழுப்பு.

வசந்த வேட்டையில் பொதுவாகச் சேவலை மட்டும்தான் சுடலாம். சட்டத்தின் வாசகம் பெரும்பாலும் 'தாடி உள்ள பறவை' என்று இருக்கும். நெஞ்சிலிருந்து குதிரை வால் முடி மாதிரி தொங்குவதுதான் தாடி. சில பெட்டைகளுக்கும் தாடி உண்டு. சட்டப்படி சுடலாம் என்றாலும், முட்டையிடும் காலத்தில் அதை விட்டுவிடுவதுதான் முறை. ஒரு வயதுச் சேவலுக்கு ஜேக் என்று பெயர். தாடி விரல் நீளம்தான் இருக்கும். வாலை விசிறியாக விரிக்கும்போது நடு இறகுகள் மட்டும் மற்றதைவிட நீளமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். வளர்ந்த சேவலின் விசிறி ஒரே வட்டமாக இருக்கும். காலில் முள்ளும் நீண்டிருக்கும்.

நாட்டுக்குள் ஐந்து வகை உண்டு. கிழக்கு மாநிலங்களில் ஈஸ்டர்ன், ஃப்ளோரிடா தீபகற்பத்தில் ஆஸியோலா, டெக்ஸாஸ் பக்கம் ரியோ கிராண்டே, மேற்கு மலைகளில் மெரியம்ஸ், மெக்சிகோ எல்லையோரம் கூல்ட்ஸ். தொடங்குபவருக்கு வகை முக்கியமில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதுதான் உங்கள் வகை.

இந்தப் பறவை இன்று அலாஸ்காவைத் தவிர எல்லா மாநிலத்திலும் இருக்கிறது என்பதே பெரிய விஷயம். கணக்கில்லாமல் சுட்டதாலும் காட்டை வெட்டியதாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் அடியோடு காணாமல் போயிருந்தது. பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள், அவை பிழைக்கவில்லை. 1950களிலிருந்து பீரங்கி போல வலையை வீசிப் பிடிக்கும் முறையில் காட்டுப் பறவைகளையே பிடித்து, இல்லாத இடங்களில் கொண்டுபோய் விட்டார்கள். அது பலித்தது. செலவில் பெரும்பங்கு வேட்டைக்காரர்களின் காசுதான். வேட்டைத் துப்பாக்கி, தோட்டா விற்பனையில் 11 சதவீத வரி 1937 சட்டப்படி வனவிலங்குப் பணிக்குப் போகிறது. நீங்கள் வாங்கும் தோட்டாப் பெட்டியிலும் அது சேர்ந்திருக்கும்.

கண்ணுக்கு முன் காது

சீசனுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே காட்டைப் பார்க்கத் தொடங்குங்கள். சொந்த நிலம் இல்லாதவர்களுக்கு நேஷனல் ஃபாரஸ்ட்களும் மாநில வனவிலங்கு மேலாண்மைப் பகுதிகளும் இருக்கின்றன. எல்லைக்கோடு காட்டும் கைபேசிச் செயலி ஒன்று கட்டாயம் வேண்டும். டெக்ஸாஸ், மிசௌரி உள்ளிட்ட பல மாநிலங்களில் மரத்தில் ஊதா வண்ணக் கோடு இருந்தால் 'உள்ளே வராதே' என்று பலகை வைத்ததற்குச் சமம். அலங்காரம் என்று நினைத்து உள்ளே போய்விடாதீர்கள்.

வெளிச்சம் வருவதற்கு முன்பே போய், வண்டியை நிறுத்திவிட்டு, சும்மா நின்று கேளுங்கள். வசந்தத்தில் சேவல் மரத்தில் அடைந்த இடத்திலிருந்தே கொக்கரிக்கும். அமைதியான காலையில் அந்தச் சத்தம் வெகு தூரம் வரும். அது தானாகக் கத்தவில்லையென்றால் ஆந்தைக் குரலோ காக்கைக் குரலோ கொடுத்துப் பாருங்கள். திடுக்கிட்டுப் பதிலுக்குக் கத்திவிடும். சேவலுக்கு அது அனிச்சை. இந்த நேரத்தில் பெட்டைக் குரல் மட்டும் கொடுக்காதீர்கள். சீசனுக்கு முன்பே பொய்க்குரல் கேட்டுப் பழகிய பறவை உங்களுக்கு மட்டுமில்லை, யாருக்குமே வராது.

பகலில் தரையைப் பாருங்கள். கோழி வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இது எளிது. சருகைச் சீய்த்துத் தள்ளிய இடங்கள், மண்ணில் புரண்டு குளித்த குழிகள், சேற்றில் மூவிரல் தடம். எச்சத்தைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். சேவலுடையது தூண்டில் முள் மாதிரி ஒரு முனையில் வளைந்திருக்கும், பெட்டையுடையது சுருண்டு குவிந்திருக்கும். மணல் பாதையில் கால் தடத்துக்கு இருபுறமும் மெல்லிய கோடுகள் இழுத்திருந்தால், சேவல் சிறகைத் தாழ்த்தி ஆடிக்காட்டிய இடம் அது. அதைச் செயலியில் குறித்து வையுங்கள்.

சாமான்கள்

12 கேஜ் அல்லது 20 கேஜ் (குழலின் அளவு) ஷாட்கன் போதும். குழல் முனையில் ஃபுல் அல்லது எக்ஸ்ட்ரா ஃபுல் சோக், அதாவது ரவை சிதறாமல் இருக்கக் குழல் வாயைக் குறுக்கும் பகுதி. ரவை என்பது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள். ஈய ரவையில் 4, 5, 6 என்ற அளவு எண்கள் வழக்கமானவை. ஈயத்துக்குத் தடையுள்ள பொது நிலங்களும் உண்டு, கையேட்டில் பாருங்கள். வான்கோழித் தோட்டா தோளில் பலமாக உதைக்கும். பழகுவதற்குச் சாதாரண லேசான தோட்டாவைப் பயன்படுத்துங்கள்.

ஆனால் சீசனுக்கு முன் ஒரு நாளாவது, நீங்கள் காட்டுக்குக் கொண்டுபோகப் போகும் அதே தோட்டாவை அதே துப்பாக்கியில் போட்டுக் காகிதத்தில் சுட்டுப் பார்க்க வேண்டும். 20, 30, 40 கெஜத்தில் பெரிய தாள் வைத்து, நடுவில் 10 அங்குல வட்டம் வரைந்து சுடுங்கள். அந்த வட்டத்துக்குள் 100 ரவை விழுந்தால் அந்தத் தூரத்துக்குத் தைரியமாகச் சுடலாம் என்பது வழக்கமான கணக்கு. 40 கெஜத்தில் நல்ல பலன் வந்தாலும் முதல் வருடம் 30 கெஜத்தைத் தாண்டாதீர்கள். காட்டில் தூரம் கண்ணை ஏமாற்றும். குறி எப்போதும் தலையும் கழுத்தும்தான். உடம்பில் சுட்டால் இறகும் சிறகும் ரவையைத் தாங்கிக்கொள்ளும். அடிபட்ட பறவை ஓடிப்போய் எங்கோ சாகும்.

உடை கேமோ, அதாவது காட்டோடு கலந்துவிடும் நிறத் துணி. முகமூடியும் கையுறையும் சேர்த்து. வான்கோழிக்கு மோப்பம் இல்லாத குறைதான், கண் அப்படி. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் தலையைக் கொஞ்சம் திருப்பினாலே சுற்று முழுவதும் பார்த்துவிடும். நிறமும் தெரியும். நீங்கள் கண்ணாடியைச் சரி செய்யக் கையைத் தூக்குவது அதற்குப் போதும். உட்கார ஒரு மெத்தை கட்டாயம். வீண் சொகுசு என்று விட்டுவிடாதீர்கள். உட்காருமிடம் உறுத்தினால் யாராலும் அசையாமல் இருக்க முடியாது. வான்கோழி வேட்டையில் பாதி வித்தை அசையாமல் இருப்பதுதான்.

உண்ணிகள் இந்தக் காலத்தில்தான் பெருகும், லைம் நோய் அவற்றால்தான் வருகிறது. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியை உடையில் தெளித்துக் காய வைத்துவிட்டுப் போங்கள். தோலில் பூசக் கூடாது. வீடு திரும்பியதும் உடம்பு முழுக்கத் தேடுங்கள்.

சுடப்படாமல் இருப்பது எப்படி

தலைப்பைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். உடம்பு முழுக்க மறைத்துக்கொண்டு, பெட்டைக் கோழி மாதிரிக் கத்திக்கொண்டு, துப்பாக்கியோடு இன்னொருவர் திரியும் காட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த வேட்டையில் நடக்கும் விபத்துகளில் முக்கியமான ஒரு வகை, ஒருவர் மற்றவரைப் பறவை என்று நினைத்துச் சுடுவது.

சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். அந்த மூன்று நிறமும் உங்கள் உடம்பில் எங்கேயும் இருக்கக் கூடாது. கைக்குட்டை, பேன்ட்டுக்குக் கீழே எட்டிப் பார்க்கும் வெள்ளை சாக்ஸ், கழுத்து வழியே தெரியும் பனியன், எல்லாவற்றையும் பாருங்கள். மணிக்கட்டில் கோயில் கயிறு கட்டியிருந்தால் கையுறைக்குள் விடுங்கள். திருநீறு, குங்குமத்தை வேட்டை முடித்து வந்து வைத்துக்கொள்ளலாம்.

தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். பின்னாலிருந்து யாராவது சுட்டால் மரம் தாங்கும், உங்கள் உருவமும் மரத்தோடு கலந்துவிடும். கொக்கரிப்பு கேட்கும் இடத்தை நோக்கிப் பதுங்கிப் போகவே போகாதீர்கள். அங்கே கத்துவது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம். வேறொருவர் உங்கள் பக்கம் வருவது தெரிந்தால் கையை ஆட்டாதீர்கள், கோழிக் குரலும் கொடுக்காதீர்கள். உட்கார்ந்தபடியே உரக்க 'ஹலோ, நான் இங்கே இருக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் கத்துங்கள். அன்றைய வேட்டை கெட்டால் கெடட்டும்.

சேவலை ஏமாற்றி இழுக்கப் பொம்மைப் பறவை வைப்பதானால் பெட்டைப் பொம்மை போதும். நடக்கும்போது பையில் முழுவதும் மறைத்துக் கொண்டுபோங்கள். வால் விசிறியைக் கையில் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டு சேவலை நோக்கி ஊர்ந்து போகும் ஒரு முறையை வீடியோக்களில் பார்ப்பீர்கள். பொது நிலத்தில் அது தற்கொலைக்குச் சமம். சில இடங்களில் தடையே உண்டு.

சிறகைப் பார்த்தோ, அசைவைப் பார்த்தோ, சத்தத்தைக் கேட்டோ சுடக் கூடாது. தலையும் தாடியும் தெளிவாகத் தெரிய வேண்டும், பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

குரல் கொடுக்கப் பழகுதல்

மூன்று கருவிகள் பரவலாக உண்டு. மூடியை உரசினால் குரல் வரும் மரப்பெட்டி, அதாவது பாக்ஸ் கால். வட்டக் கல் மேல் குச்சியால் கீறும் ஸ்லேட் கால். வாய்க்குள் அண்ணத்தில் வைத்து ஊதும் டயஃப்ரம். தொடங்குபவருக்குப் பாக்ஸ் கால்தான். மூடியை அழுத்தாமல், பெட்டியின் விளிம்பை விட்டுத் தூக்காமல், ஒரு அங்குலம் மட்டும் இழுத்தால் 'கியாவ்க்' என்று வரும். அதையே ஐந்தாறு தடவை சீராக இழுங்கள். அதுதான் யெல்ப், பெட்டையின் சாதாரண அழைப்பு. மூடியைச் சட்டென்று ஒரே ஒரு தட்டு தட்டினால் க்ளக். இந்த இரண்டும் தெரிந்தால் ஒரு சீசனை ஓட்டிவிடலாம். தாளம்தான் முக்கியம், குரல் இனிமை இல்லை. நிஜப் பெட்டைகள் போட்டிக்கு வந்தால் பரிசு வாங்காது. பெட்டி நனையக் கூடாது, சுண்ணக்கட்டி பூசி வையுங்கள்.

ஒன்றைப் புரிந்துகொண்டால் எத்தனை தடவை குரல் கொடுப்பது என்ற குழப்பம் தீரும். காட்டு வழக்கப்படி சேவல் கத்தும், பெட்டைதான் தேடிப் போகும். நீங்கள் தலைகீழாகக் கேட்கிறீர்கள். சேவலுக்கு அது மாப்பிள்ளை முறுக்கு. நூறு கெஜத்தில் நின்றுகொண்டு, ஆடிக்கொண்டு, நீயே வா என்று கத்தும். நீங்கள் கத்தக் கத்த அது அங்கேயே நிற்கும். பதில் வந்த பிறகு குறையுங்கள். பக்கத்தில் வருவது தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். பெட்டை போய்விட்டதோ என்ற சந்தேகம்தான் அதை நகர்த்தும்.

அந்தக் காலை

முந்தைய மாலையே சேவல் அடைந்த மரம் எந்தத் திசையில் என்று தெரிந்துகொள்ளுங்கள். விடியலுக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், அந்த மரத்திலிருந்து 100 முதல் 150 கெஜத்துக்குள் உட்காருங்கள். அதைவிட நெருங்கினால் மேலேயிருந்து பார்த்துவிடும். நடுவில் ஓடையோ வேலியோ இல்லாத பக்கமாகப் பாருங்கள், சேவல் அதைத் தாண்டி வரச் சோம்பல் படும். வலது கையால் சுடுபவர் இடது தோள் பறவையின் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தால் குழலை அதிகத் தூரம் திருப்ப முடியும். முழங்காலை மடக்கி அதன்மேல் துப்பாக்கியைச் சாய்த்துக்கொள்ளுங்கள். தோட்டா போடுவதற்கு முன் சட்டப்படி நேரம் ஆகிவிட்டதா என்று பாருங்கள். பல மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து கணக்கு.

சேவல் மரத்தில் இருக்கும்போது மெல்லிய யெல்ப் ஒன்றிரண்டு போதும். பதில் வந்தால் பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். சிறகடித்து இறங்கும் சத்தம் கேட்ட பிறகு இன்னொரு தடவை. அதன் பிறகு இரண்டில் ஒன்று நடக்கும். நேராக வரும், அல்லது பெட்டைகளோடு வேறு பக்கம் போய்விடும். போனால் மனம் தளர வேண்டாம். ஒன்பது, பத்து மணிக்கு மேல் பெட்டைகள் முட்டையிடக் கூட்டுக்குப் போய்விடும், தனியாக நிற்கும் சேவல் அப்போது மறுபடி தேட ஆரம்பிக்கும். ஏழரைக்கே டீ குடிக்கக் கிளம்பிவிடுபவர்கள் தவற விடுவது இதைத்தான்.

பக்கத்தில் வந்துவிட்டால் கொக்கரிப்பு நின்றுவிடலாம். அப்போது வேறொரு சத்தம் கேட்கும்: ஒரு சின்ன 'ப்ஃட்', அதன் பின்னாலேயே காதைவிட நெஞ்சுக்கு அதிகம் தெரிகிற ஒரு 'தூஉம்'. அது கேட்டால் சேவல் உங்களுக்கு மிக அருகில், அநேகமாக ஒரு மேட்டுக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருக்கிறது. இனிமேல் அதன் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறையும்போது மட்டும் நகருங்கள். விசிறி விரித்து ஆடும்போது கழுத்து உள்ளே மடங்கியிருக்கும், அப்போது சுடாதீர்கள். மெல்ல ஒரு க்ளக் கொடுத்தால் நிமிர்ந்து பார்க்கும். கழுத்தில் இறகு தொடங்கும் இடத்தில் குறி வைத்து அப்போது சுடுங்கள். கூர்மையாக 'பட், பட்' என்று கத்தினால் உங்களைக் கண்டுகொண்டது என்று அர்த்தம். ஓரிரு நொடிதான் இருக்கும். தெளிவான குறி இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

விழுந்த பிறகு

துப்பாக்கியின் சேஃப்டியைப் போட்டுவிட்டு, ஓடாமல் வேகமாக நடந்து போங்கள். உயிர் போன பிறகும் சிறகடிக்கும். கால் முள் கையைக் கிழித்துவிடும். டேக்கை அங்கேயே நிரப்பிக் கட்டுங்கள், அதன் பிறகே இடத்தை விட்டு நகர வேண்டும். மாநிலம் கேட்டால் குறித்த நேரத்துக்குள் செயலியிலோ போனிலோ பதிவு செய்யுங்கள். வண்டி வரை தூக்கிப் போகும்போது பளிச்சென்ற ஆரஞ்சுத் துணியைப் பறவையின் மேல் சுற்றிக்கொள்ளுங்கள். தோளில் சேவல் தொங்க, காட்டுக்குள் நடப்பவரை வேறு எதுவும் காப்பாற்றாது.

சீக்கிரம் குளிரவைப்பதுதான் இறைச்சிக்கு முக்கியம். நெஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை எறிந்துவிடுபவர்கள் நிறைய, பல மாநிலங்களில் அது சட்டப்படியும் தவறு. நெஞ்சுக்கறியில் கொழுப்பே கிடையாது, கொஞ்சம் அதிகம் வெந்தாலும் நார் நாராகிவிடும். மெல்லிய துண்டுகளாக வெட்டி, மிளகு, சோம்பு, தயிரில் ஊறவைத்துக் குறைந்த நேரம் வறுத்தால் நன்றாக இருக்கும். தொடையும் காலும் வேறு ரகம். காலில் கெட்டியான நரம்புகள் ஓடும். குக்கரில் நாட்டுக்கோழிக்கு வைப்பதைவிட இரண்டு மடங்கு விசில் வையுங்கள். வெந்ததும் நரம்பை உருவிவிட்டுக் கறியைப் பிய்த்துக் குழம்பில் போடுங்கள். கழுத்துப் பக்கத்துக் கறியைச் சமைக்கும் முன் விரலால் அழுத்தி ரவை இருக்கிறதா என்று தேடிவிடுங்கள், பல்லில் பட்டால் பல் மருத்துவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.